நிரோஷாவுக்கு இடம் காணாது

நிரோஷா வென்றவை இவை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். காதுக்குள் கட்டி வந்திருந்த நாளில், ஒரு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அதை எழுதினாள். சாதாரண தரக் கணிதத்தில் ஏ. அந்த வகுப்பில் இரண்டு தவணை கணித ஆசிரியரே இருக்கவில்லை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் ஐந்து பேர் படுத்தெழும்பும் ஓர் அறைக்குள் இருந்து எடுத்த உயர்தரம். பகல் முழுக்க ஃபோன் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டே முடித்த வெளிவாரிப் பட்டம். அகில இலங்கை நிரலெழுதும் போட்டியில் மூன்றாம் இடம். அதற்குக் கொண்டுபோன இரவல் மடிக்கணினியில் ஆங்கில 'எல்' எழுத்துக்கான பட்டன் வேலை செய்யாது, ஒவ்வொரு தடவையும் அந்த ஓர் எழுத்தை வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினாள். கடைசியாக, கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்த கட்டடமொன்றின் ஏழாம் மாடியில் மென்பொருள் எழுதும் வேலை. இருநூற்று நாற்பது பேர் விண்ணப்பித்த இடத்தில் ஆறு பேரைத்தான் எடுத்தார்கள்.

இவ்வளவையும் வென்றவள், அந்த வேலைக்குப் போய் ஐந்தரை மாதம் ஒரே ஒரு பொருளிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள். அது அலுவலகம் அவளுக்குக் கொடுத்த கணினிக்குள் இருந்த டிஸ்க்.

வேலைக்குச் சேர்ந்தது 2024 மே 2, வியாழக்கிழமை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஒக்டோபர் 31க்குள் நிரந்தரமாக்கினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் திரும்பவும் ரீலோட் கடைதான். அக்கா பேச்சியம்மா அந்தத் திகதியைக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்தாள். அந்த ஆண்டு அதே நாளில்தான் தீபாவளியும் வந்தது.

பேச்சியம்மா நிரோஷாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளவத்தையில் முத்துலிங்கத்தின் சேலைக் கடையில் ஸ்டோர் பார்க்கப் போனவள். பதினேழு வருடமாக அதே ஸ்டோர்தான். கடை முதலாளி முத்துலிங்கம் அங்கே ஒரு விதி வைத்திருந்தார். எந்தப் பொதியை யார் அடுக்கினாலும், அடுக்கியவரின் பெயரும் திகதியும் எழுதிய துண்டு அதன் மேல் குத்தப்பட்டிருக்க வேண்டும். துண்டில்லாத பொதி மாதம் முழுக்க அடுக்கியதாக இருந்தாலும், அடுக்கினேன் என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. முதல் மாதத்தில் இரண்டு தடவை துண்டு குத்த மறந்து ஏச்சு வாங்கிய பேச்சியம்மா, மூன்றாவது தடவை மறக்கவில்லை. பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

வேலைக்குப் போய் மூன்றாவது கிழமை, ஒரு மாலை, நிரோஷா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அங்க எனக்கு இடம் காணாதுக்கா. தினமும் இதே கரைச்சல். கேட்டாலும் குடுக்குறாங்க இல்ல."

அலுமாரிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மத்தவங்களுக்கு இருக்கா?"

"பழைய ஆக்களுக்கு இருக்கு. யோகராஜ் அண்ணாவுக்கு எக்கச்சக்கம். பாதிக்கு மேல சும்மா கிடக்குது."

"சும்மா கிடக்குற இடத்தைக் கூடத் தரமாட்டாங்களா? அப்ப நீ எப்புடி வேலை செய்ற?"

"காலையில ஏழு மணிக்கே போய், அவர் வரமுந்தி அவர்டதுல செய்றேன்."

"அவர் வந்தா?"

"எழும்பிருவேன்."

பேச்சியம்மாவுக்குக் காது சுட்டது. புலமைப்பரிசில் எடுத்த பிள்ளை, மூன்றாம் இடம் வந்த பிள்ளை, இன்னொருவர் வந்ததும் எழும்பி நிற்கிறதாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் போய், நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வாங்கினாள். நாலு காலையும் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போனாள்.

வாசலில் நின்ற காவலர் பியசேன வயதானவர். ஸ்டூலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேக்க மொகட்டத, நங்கி?" என்று கேட்டார். இது எதற்கு, தங்கச்சி?

"மகே நங்கிட்ட, அய்யே," என்றாள் பேச்சியம்மா. என் தங்கச்சிக்கு. ஏழாம் மாடி. பெயர் நிரோஷா.

பியசேன தன் பெரிய புத்தகத்தை விரித்து எழுதினார். நேரம், பெயர், மாடி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பத்திகள். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. யார் எந்த நிமிடத்தில் உள்ளே போனார், எந்த நிமிடத்தில் வெளியே வந்தார் என்று வரிவரியாக இருந்தது. தன்னைப் போல ஓர் ஆள் இந்தக் கட்டடத்திலும் இருக்கிறார் என்று பேச்சியம்மாவுக்குப் பட்டது. அவள் தங்கச்சியின் பெயரையும் தேடினாள். காலை 6.56. சந்தோஷமாக இருந்தது.

லிஃப்டிலிருந்து இறங்கி வந்த நிரோஷா, ஸ்டூலைக் கண்டதும் முதலில் விளங்காமல் நின்றாள். பிறகு விளங்கியது. சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா, கதிரை இல்லாமயா? ரெண்டு பேர் இருக்கிற மாதிரிக் கதிரை தந்திருக்காங்க. சுத்தவும் சுத்தும். நான் சொன்னது கம்பியூட்டருக்குள்ள இடம்."

"அதுக்குள்ள என்னா இடம்?"

"உங்கட ஸ்டோர் மாதிரி. நான் பாவிக்கிற சாமான் எல்லாம் அதுக்குள்ளதான் அடுக்கோணும். ராக்கை சின்னது. அடுக்க இடமில்ல."

பேச்சியம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பஸ் வரும்வரை அவள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. ஸ்டூலைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல் பியசேனவிடம் கொடுத்தாள். காலையிலிருந்து நின்ற காலோடு நின்ற மனிதர், ஒரு தரம் வேண்டாம் என்றார், மறுதரம் வாங்கிக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் இருந்துகொண்டே அவள் யோசித்தாள். ராக்கை காணாவிட்டால் என்ன நடக்கும் என்பது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஸ்டோரில் தீபாவளிச் சரக்கு வந்திறங்கும் மாதத்தில், ஒரு காஞ்சிபுரம் பொதியை எடுக்க மூன்று பொதியை இறக்க வேண்டும், அந்த மூன்றையும் வைக்க நடைபாதையை மறிக்க வேண்டும், பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். வேலை செய்கிற கை ஓய்வதில்லை, ஆனால் செய்த வேலை என்று காட்ட ஒன்றும் இருக்காது. அப்படியொரு இடத்தில்தான் அவளுடைய தங்கச்சியைப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு புதுக் கொப்பியை எடுத்து நிரோஷாவின் முன்னால் வைத்தாள்.

"என்னென்ன சாமான், எவ்வளவு இடம், எல்லாத்தையும் எழுது."

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா?"

"எழுது நீ."

நிரோஷா சொல்லச் சொல்லப் பேச்சியம்மாவே எழுதினாள். டிஸ்க் 128 ஜீபி என்று பெட்டியில் போட்டிருக்கும்; திறந்து பார்த்தால் 119தான் இருக்கும். விண்டோஸும் கம்பனி போட்ட பாதுகாப்புச் சாமான்களும் 46. கடிதம் எழுத, கூட்டம் நடத்தத் தேவையானவை 9. நிரல் எழுதும் கருவி 12. கணினிக்குள்ளேயே ஒரு பொய் ஃபோனைத் திறந்து பரீட்சித்துப் பார்க்க 14. பத்து வருடமாக எல்லாரும் சேர்ந்து எழுதிய மூல நிரல் 21. அதை ஓடக்கூடிய வடிவத்துக்குக் கட்டும்போது விழும் கோப்புகள் 18. சேர்வரில் இருப்பதைப் போலவே இங்கே ஓட்டிப் பார்க்க 27. பரீட்சைத் தரவுத்தளம் 38.

பேச்சியம்மா கூட்டினாள். மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம். 185.

"அதோட முழுசா நிரப்பவும் ஏலாது. அஞ்சில ஒரு பங்காவது வெறுமையா இருந்தாத்தான் மெஷின் ஓடும்."

"அப்ப இருநூத்தி முப்பதுக்கு மேல. நூத்திப் பத்தொம்பதுல எப்புடி வைப்ப?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் கணினிக் குறைகளை ஒரு முறைப்பாட்டுப் பக்கத்தில் பதிய வேண்டும். நிரோஷா ஏழு தரம் பதிந்தாள். ஏழு தரமும் ஒரே பதில் வந்தது: தேவையற்ற திரைப்படங்கள், பாடல்கள், சொந்தப் படங்களை அழிக்கவும். கீழே 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிடுவார்கள். அவள் கணினியில் ஒரு பாட்டுக்கூட இருக்கவில்லை. வெளியே இன்னொரு டிஸ்க்கைச் செருகவும் வழியில்லை. பாதுகாப்பு என்று சொல்லி அந்தத் துளைகளைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஆனால் யோகராஜின் மேசைக் கணினியில் ஆயிரம் ஜீபி இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளவத்தைக்காரர், எட்டு வருட அனுபவசாலி, "என்ட மெஷின்ல செய்யும், பிரச்சினையில்லை" என்று அவராகத்தான் தன் கடவுச்சொல்லைத் தந்தார். தினமும் காலையில் அதைத் திறந்ததும் நிரோஷாவின் கண்ணில் முதலில் படுவது அவருடைய மச்சானின் கல்யாண வீடியோக்கள் போட்ட கோப்புறை. 88 ஜீபி.

இதைக் கேட்ட அன்று பேச்சியம்மா கொப்பியை மூடிவிட்டாள்.

"மச்சான்ட கல்யாணத்துக்கு இருக்குற இடம் உன்ட வேலைக்கு இல்ல, என்னா?"

"அவருக்கு யாரும் அழிக்கச் சொல்லி எழுதுறதில்லக்கா."

"எழுதமாட்டாங்க. அழிக்க ஒண்டுமில்லாத ஆளுக்குத்தான் எழுதுவாங்க."

ஏன் 128 வாங்கினார்கள் என்பதற்கும் அலுவலகத்திடம் பதில் இருந்தது. நிரோஷா ஒரு கூட்டத்தில் கேட்டு வந்தாள். கம்பனியில் இருக்கும் எல்லாரும் எவ்வளவு இடம் பாவிக்கிறார்கள் என்று அளந்தார்களாம். சராசரி 61 ஜீபியாம். ஆகவே 128 தாராளமாம். வரவேற்பு மேசையில் இருப்பவரையும், விடுமுறைப் படிவம் பார்ப்பவரையும், நிரல் எழுதுபவரையும் ஒன்றாகக் கூட்டிப் பிரித்த சராசரி.

பேச்சியம்மா இதை மறுநாள் முத்துலிங்கத்திடம் சொன்னாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நம்ம கடையில கைலேஞ்சி வாங்குற ஆளையும் சேலை வாங்குற ஆளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தா, ஆளுக்கு ரெண்டு மீட்டர்தான் வரும். அதுக்காகச் சேலையை ரெண்டு மீட்டர்ல வெட்டி வைப்பீங்களா?"

"நான் வெட்டமாட்டன். ஆனா பிள்ளை, அப்பிடி வெட்டுறவனுக்குத்தான் இப்ப ஏழாம் மாடி," என்றார் முத்துலிங்கம்.

ஜூன், ஜூலை, ஓகஸ்ட். நிரோஷா 6.56க்கும் 7.05க்கும் இடையில் அலுவலகத்துக்குள் போவாள். யோகராஜ் மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காலைச் சாப்பாட்டை முடித்து, பத்து மணிக்குப் பிறகுதான் வருவார். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவர் கணினியில் அவள் எழுதி, கட்டி, பரீட்சித்து, அனுப்பியும் விடுவாள். பத்துக்குப் பிறகு தன் கணினிக்கு வந்து, அதை அழித்து இதை இறக்கி, இதை அழித்து அதை இறக்கி, தொண்ணூற்றொரு வீதத்தில் 'இடம் போதாது' என்று நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சியம்மா சொன்னதற்காக எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தாள். ஜூலை 9: அழித்தது 31 ஜீபி, திரும்ப இறக்கியது 29, போன நேரம் நாலு மணித்தியாலம், செய்த வேலை இல்லை. ஓகஸ்ட் 14: யோகராஜ் அண்ணாவின் கணினியில் 7.05 முதல் 9.50 வரை, முகவரி தேடும் பகுதி முடிந்தது.

செய்த வேலை நன்றாகத்தான் இருந்தது. பொதி கொண்டுபோகும் கம்பனியொன்றுக்கு அவர்கள் எழுதிய செயலியில், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் 32/4பி, 32/4பி-1 என்றெல்லாம் இருக்கும் வீட்டு இலக்கங்களை விளங்கிக்கொள்ளும் பகுதி முழுவதும் நிரோஷா எழுதியது. அந்த இலக்கங்களுக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டத்தில் அதைக் காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். யோகராஜ், "டீமா செய்த வேலை" என்றார்.

ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, நிரோஷா ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு கடிதம். பேச்சியம்மா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவள். ஆனாலும் தானே வாசித்தாள். ஐந்து மாதங்களில் மூல நிரலில் நிரோஷா பதிந்த மாற்றங்கள்: பூச்சியம். நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குப் பிரிவுத் தலைவர் ஜவாத்தைச் சந்திக்கவும்.

"பூச்சியம் எண்டா?"

நிரோஷா விளங்கப்படுத்தினாள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும், செய்தவரின் பெயரும் திகதியும் நேரமும் தானாகவே பதியும். எந்தக் கணக்கிலிருந்து அனுப்பப்பட்டதோ அந்தக் கணக்கின் பெயர். வேறு பெயர் போட்டால் சேர்வர் ஏற்காது. பரீட்சித்துச் சரி வந்தால்தான் அனுப்பவும் விடும். அவள் கணினியில் ஒரு நாளும் முழுவதையும் கட்டிப் பரீட்சிக்க இடமிருக்கவில்லை. ஆகவே அனுப்பியதெல்லாம் யோகராஜின் கணினியிலிருந்து. எல்லாவற்றிலும் யோகராஜின் பெயர்.

பேச்சியம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் தங்கச்சி மேலேயே வந்தது.

"துண்டு குத்தாமலா இவ்வளவு நாளும் பொதி அடுக்குன?"

"வேலை நடந்தாக் காணும் எண்டு நெனைச்சேன்க்கா. அவர் சொல்லுவார் எண்டு நெனைச்சேன்."

"அவர் ஏன் சொல்றார்? அவர் ஒண்டையும் மறைக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. அவருக்கு ஒரு கரைச்சலும் இல்ல." கடிதத்தை மடித்தாள், விரித்தாள். "ராக்கை தராமல் விட்டது அவங்க. ஏழு தரம் கேட்டும் 'தீர்க்கப்பட்டது' எண்டு போட்டது அவங்க. இப்ப நீ ஒண்டும் அடுக்கல்ல எண்டு எழுதுறதும் அவங்க."

அம்மா அடுப்படியிலிருந்து, "பெரிய இடத்து ஆக்களோட சண்டை பிடிக்காதீங்க, வேற வேலை கெடைக்கும்," என்றாள்.

"சண்டை இல்லம்மா. கையிருப்புச் சரிபார்க்கிறது," என்றாள் பேச்சியம்மா.

கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நல்ல கொப்பி. ஆனால் நிரோஷாவே எழுதிய கொப்பி. அதை யாரும் ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஸ்டோரில் சரக்குக் குறைந்தால் தன் கொப்பியை மட்டும் காட்டி ஒருவரும் தப்ப முடியாது, வாகனக்காரனின் கொப்பியும் ஒத்து வரவேண்டும். அப்போதுதான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்தப் பத்திகள் அவள் நினைவுக்கு வந்தன.

"பதிஞ்ச நேரமும் அதில இருக்கு எண்ட?"

"ஓம், நிமிசம் வரைக்கும்."

"காலையில ஏழுக்கும் பத்துக்கும் நடுவுல, அவர் பேர்ல எத்தனை பதிஞ்சிருக்கு?"

நிரோஷா அக்காவைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் எண்ணி வந்தாள். 187.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு கேட்பது லேசான காரியமில்லை. தீபாவளிக்குப் பதினாறு நாள். முத்துலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போய்ட்டு வாரும். ரெண்டு மணிக்கு லொறி வருது, அதுக்கு முந்தி வந்திடும்," என்றார். பிறகு வாசல்வரை வந்து, "துண்டில்லாத பொதி எண்டு நான் உம்மை ஏசினது ஞாபகமே?" என்று கேட்டார்.

"மறக்க விட்டீங்களா, முதலாளி?"

ஏழாம் மாடிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பேச்சியம்மா கீழே வாசலில் நின்றாள். பியசேன எழும்பித் தன் நீல ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தார். பதினொன்று ஐந்து. பதினொன்று இருபது. இருபத்தாறுக்கு வாசல் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. பியசேன கேட்டார், தொப்பியைச் சரிசெய்தார், மே மாதத்திலிருந்து நிரம்பிய இரண்டு புத்தகங்களையும் கையில் இருந்ததையும் தூக்கினார். வாசலை ஒருதரம் பார்த்தார், அவளை ஒருதரம் பார்த்தார். கொஞ்சம் பார்த்துக்கொள், இப்போது வருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

அடுத்த நாற்பது நிமிடம் அந்தக் கட்டடத்தின் காவல் பேச்சியம்மாவுடையது. இரண்டு கூரியர்காரர், ஒரு தண்ணீர்ப் போத்தல்காரர், ஓர் அம்மா. நாலு பேரையும் மறித்து, நேரம், பெயர், மாடி என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டாள். கடதாசிக்கு ஸ்கேல் இல்லை, தொலைபேசிப் புத்தகத்தின் விளிம்பை வைத்துக் கோடு போட்டாள்.

மேலே நடந்ததை நிரோஷா பிறகு சொன்னாள்.

ஜவாத் மரியாதையான மனிதர். கொப்பியைக் கவனமாகப் புரட்டினார். "இதை நீங்க ஏன் முன்னமே சொல்லல்ல, நிரோஷா?" என்றார்.

"ஏழு தரம் சொன்னேன், சேர். ஏழு தரமும் தீர்க்கப்பட்டது எண்டு மூடியிருக்கு. உங்கட சிஸ்டத்திலேயே இருக்கு."

நிர்வாகப் பிரிவிலிருந்து வந்திருந்த பெண், இன்னொருவரின் கணக்கில் வேலை செய்தது விதி மீறல் என்றார். நிரோஷா, "ஓம் மிஸ், விதி மீறல்தான். என்ட கணக்குல செய்ய இடம் தந்திருந்தா மீறியிருக்க மாட்டேன்," என்றாள்.

யோகராஜின் பெயரில் காலையில் பதிந்த 187 மாற்றங்களையும் வாசல் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லி அவள் கேட்டாள். பிறகு புத்தகங்கள் வந்தன. திகதி திகதியாகப் பார்த்தார்கள். மே 28: நிரோஷா 6.58, யோகராஜ் 10.12, யோகராஜின் பெயரில் பதிந்த மாற்றங்கள் 8.31, 9.20. ஜூன் 4: நிரோஷா 7.01, யோகராஜ் 10.20, பதிந்தவை 7.55, 9.44. பத்துப் பன்னிரண்டு நாள் பார்த்ததும், நிர்வாகப் பெண், யோகராஜ் வீட்டிலிருந்தே இணைந்து செய்திருக்கலாமே என்றார்.

அதுவரை யோகராஜ் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓம் என்றிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

"இல்லை," என்றார். "அந்த நேரத்தில நான் மகனோட பம்பலப்பிட்டி ட்ரஃபிக்கில நிப்பன். அதுகள் நிரோஷா செய்ததுகள்தான். நான் சொல்லியிருக்க வேணும்."

சொல்லியிருக்க வேண்டும்தான். கூட்டத்தில் கைதட்டிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். கடைசியிலாவது சொன்னாரே என்று நிரோஷா அவரை மன்னித்துவிட்டாள். பேச்சியம்மா மன்னிப்பதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

மன்னிப்பு என்று அலுவலகம் ஒன்றும் கேட்கவில்லை. இனி எவரும் இன்னொருவரின் கணினியில் வேலை செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். அந்த 187 மாற்றங்களின் பெயரை மாற்றித் தரக் கேட்டதற்கு முடியாது என்றார்கள். பழைய பதிவில் கை வைத்தால் எல்லாருடைய பிரதியும் குழம்புமாம். அது உண்மைதான் என்று நிரோஷாவும் சொன்னாள். ஆகவே கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் இலக்கங்கள் இன்றைக்கும் யோகராஜ் பெயரில்தான் இருக்கின்றன.

டிஸ்க் வந்தது. 512 ஜீபி. ஒக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஒரு தொழில்நுட்பர் சின்னத் திருப்புளியோடு வந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தகட்டைக் கழற்றி, அதே அளவான இன்னொரு தகட்டைப் போட்டு, ஒரு திருகாணியை முறுக்கினார். நிரோஷா மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருந்தாள். பன்னிரண்டு நிமிடம்.

பேச்சியம்மா இதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

"பன்னெண்டு நிமிசமா?"

"ஓம்க்கா. அதுல மூணு நிமிசம் அவர் திருகாணியைக் கீழ போட்டுத் தேடுனது."

ஐந்தரை மாதம், ஏழு முறைப்பாடு, ஒரு பிள்ளையின் வேலை போகும் கடிதம். எல்லாவற்றுக்கும் மருந்து பன்னிரண்டு நிமிடமும் ஒரு திருகாணியும். இதை யாரிடம் போய்க் கேட்பது என்று பேச்சியம்மாவுக்குத் தெரியவில்லை. அன்று மாலை அவள் ஒரு சேலையைக்கூட மடிப்புக் கலையாமல் மடிக்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். பேச்சியம்மாவுக்கு அது நல்ல கடிதம்தான், ஆனால் அதன் அடியில் இருந்த கையொப்பம் ஜவாத்துடையது. அவள் எடுத்து வைத்தது வேறொன்று. புது டிஸ்க் போட்ட மறுநாள், நிரோஷா தன் கணினியிலேயே முழு நிரலையும் இறக்கி, கட்டி, பரீட்சித்து, 290 ஜீபிக்கு மேல் மிச்சமிருக்க, ஒரு மாற்றத்தை அனுப்பினாள். சின்ன மாற்றம், நாலு வரி. அதன் பக்கத்தில் எப்படிப் பதிந்ததோ அப்படியே ஃபோனில் வாசிக்கச் சொல்லி, முத்துலிங்கத்தின் ஸ்டோரில் பொதிக்குக் குத்தும் துண்டொன்றில் பேச்சியம்மா எழுதிக்கொண்டாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதைக் குண்டூசியால் குத்தியிருக்கிறாள்:

முனியாண்டி நிரோஷா, 2024 ஒக்டோபர் 23, புதன்கிழமை.